பதினேழாம் கல்

வர்த்தமானியில் ஒரு கோடு இருக்கிறது.
காக்கைத்தீவின் மணல் மேட்டில் ஏறி,
உமரி சிவந்த சேற்றுத் தரையைச் சுற்றிக்கொண்டு,
களனி கங்கை கடலோடு கலக்கும் இடத்தில்
இறங்கி முடியும் கோடு.
அதற்குள் எல்லாம் காப்பு வலயம்.
இருபத்துமூன்று எல்லைக்கற்கள்.
பதினேழாவதைக் காணவில்லை.

விஜேகோன் மாத்தையா கருவியை உயர்த்தி
வானத்திடம் விசாரிக்கிறார்.
ஒன்பது செய்மதிகள் ஒரே வாயாய்ச் சொன்ன இடத்தில்
இடுப்பளவு தண்ணீர்.
நான் அளவுகோலைப் பிடித்தபடி நிற்கிறேன்.
பதினொரு வருடமாக என் உத்தியோகம் இது:
யாரோ பார்க்கும் திசையில்
அசையாமல் நிற்பது.

கொழும்பில் வற்றும் பெருக்கும்
ஒரு முழத்துக்கு மேல் போகாது.
தாம்பாளத்தைத் தூக்கி வைக்கையில்
தளும்புமே, அவ்வளவுதான்.
அந்த ஒரு முழத்துக்குள்தான்
நண்டு கதவு திறக்கிறது, சாத்துகிறது.
உப்புக்கொத்திகள் ஈரம் விலகும் விளிம்பை
ஓடி ஓடித் தைக்கின்றன.
கிண்ணை மரத்தின் மூச்சுவேர்களில்
ஷாம்பு பைகள், இடக்கால் செருப்பு ஒன்று,
கப்பல் எரிந்த வருடத்து
வெள்ளைப் பிளாஸ்டிக் மணிகள்,
இன்னும்.
மேட்டு முதுகில் இராவணன் மீசை.
காற்று அதைச் சிரிக்க வைத்தால்
முள்ளுருண்டை ஒன்று கழன்று
துறைமுகப் பாரந்தூக்கிகளை நோக்கி
உருண்டு போகிறது, வேலைக்குப் பிந்தியவன் மாதிரி.

அப்போதுதான் அது கத்தத் தொடங்கியது.
ஆள்காட்டி.
சேற்றில் நாங்கள் வைத்த காலுக்கெல்லாம்
ஒவ்வொரு கத்தல்.
பறவைதான். பெயர்தான் பொல்லாதது.
பதின்மூன்று வயதில்
வெள்ளவத்தை ஒழுங்கையொன்றில்
அண்ணனுக்குப் பின்னால் வரிசையில் நின்றிருக்கிறேன்.
ஜீப்புக்குள் சாக்கு மூடிய ஒரு தலை.
அசைந்தால் ஒரு பக்கம்,
அசையாவிட்டால் வீட்டுக்கு.
அன்று அசையவில்லை.
அதன் பிறகு
தலையாட்டுவதில் நான் சிக்கனக்காரன்.

பறவை கத்திய திசையில்
தகரமும் பழைய தேர்தல் பதாகையுமாய் ஒரு வீடு.
வாசற்படியாகக் கவிழ்த்துப் போட்ட
கொங்கிரீட் கல்.
அதன் மேல் இருந்து எமல்டா
வலையில் சிக்கிய குப்பை பிடுங்கிக்கொண்டிருந்தாள்.
கேட்கும் முன்பே,
"நான் எடுக்கல்ல" என்றாள்.
"மே மாசத்துக் கடல் கொண்டாந்து போட்டிச்சு.
போட்டத நேராக்கி வச்சேன், அவ்வளவுதான்.
நான் எப்பவும் கோட்டுக்கு வெளியதான் சேர்.
கோடுதான் உள்ள வந்திரிச்சு."

தூரத்தில் தண்ணீரில் நின்று
மாத்தையா சிங்களத்தில் கேட்டார்: கிடைத்ததா?

எண் மண்ணைப் பார்த்திருக்கிறது.
புரட்டினால் பதினேழு.
பேசாமல் திரும்பிவிடலாம்.
ஆனால் போனமுறை ஒரு கல் தொலைந்தபோது
மூன்றே மாதத்தில் அந்த இடத்தில்
மதில் எழும்பியது,
மதிலுக்குள் நீச்சல் தடாகம்.
உப்புக்கொத்திகளுக்கு
மதிலேறத் தெரியாது என்பதல்ல,
மதிலுக்குப் பின் சேறில்லை.

தலை அசையவில்லை எனக்கு.
இப்படியுமில்லை, அப்படியுமில்லை.

எமல்டாதான் எழும்பினாள்.
துடுப்பைக் கொடுத்து நெம்பிப் புரட்டினாள்.
கல்லின் அடியில் ஈரம், ஈரத்தில் ஒரு வளை,
வளை வாயில் ஒற்றைக் கொடுக்கு.
"கொண்டு போங்க.
படிக்கு வேற ஒண்டு கிடைக்கும்.
எங்க வைப்பீங்க, அதச் சொல்லுங்க."

இரண்டு பேராய்த் தூக்கிக்கொண்டு
கரைவிளிம்பு வரை வந்தோம்.
மாத்தையா கருவியைப் பார்த்தார்.
கருவி தண்ணீரைக் காட்டியது.
நான் நட்டுவிட்டு வந்த அளவுகோலை
சேறு அதற்குள் ஒரு சாண் விழுங்கியிருந்தது.

கல் கனத்தது.
ஆள்காட்டி எங்களை விட்டுவிட்டு
இப்போது அலைப்பக்கம் திரும்பி
வந்துகொண்டிருக்கும் வேறெதையோ காட்டிக்
கத்திக்கொண்டிருந்தது.